என்னை அடிக்காதவர்

என் வீட்டுக்காரரை நான் முதன்முதலில் அடித்தது ஒரு முட்டைக்காக.

திருப்பாதிரிப்புலியூரில் ரயிலடிக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் வீடு. முன்னறை கடை, பின்னறை குடித்தனம். எரிந்துபோன பம்புசெட் மோட்டார்களைப் பிரித்து, செம்புக் கம்பி சுற்றிப் புதிதாகக் காயில் கட்டுவது அவர் தொழில். பெயர் செந்தமிழ்செல்வன். அன்று காலை பத்து மணிக்குள் நான் எட்டு தோசை தின்றிருந்தேன். வீட்டில் மிச்சமிருந்த ஒரே முட்டையை அவர் வேகவைத்து உரித்துக்கொண்டிருந்தார். தோசைத்திருப்பி கல்லிலேயே கிடந்து காய்ந்திருந்தது. அதை எடுத்து அவர் முன்கையில் வைத்து அழுத்தினேன். முடி கருகும் வாடை வந்தது. அவர் கத்தவில்லை. முட்டையை என் தட்டில் வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனார். நான் அழுதுகொண்டே அந்த முட்டையைத் தின்றேன்.

அடித்தது மாத்திரை, நான் இல்லை என்று தப்பிக்கப் பார்க்கவில்லை. கை என் கைதான். ஆனால் மாத்திரையைச் சொல்லாமல் இந்த மனிதரைப் பற்றிச் சொல்ல முடியாது.

அந்தச் சித்திரையில்தான் எனக்கு மூட்டெல்லாம் வீங்கி, சிறுநீர் நுரைத்து, எழுந்து நடக்க முடியாமல் போனது. சிதம்பரத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். லூபஸ் என்றார் டாக்டர். எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும், "உங்க உடம்புல காவலுக்கு நிக்கிற ஆளுங்களே வீட்டுக்காரன அடிக்கிறாங்கம்மா. திருடன் யாரு, வீட்டுக்காரன் யாருன்னு அவங்களுக்குத் தெரியல. இந்த ஸ்டீராய்டு அவங்க கையைக் கட்டிப்போடும்" என்றார். பிறகு அந்த மாத்திரை செய்யப்போகும் அட்டூழியங்களையும் சொன்னார். பசி எடுக்கும், தூக்கம் போகும், கோபம் வரும், முகம் உப்பும், தோல் மெலிந்து தொட்டாலே ரத்தம் கட்டும். "எது வந்தாலும் எங்கிட்ட சொல்லுங்க. நீங்களா மட்டும் நிறுத்திடாதீங்க. திடீர்னு நிறுத்தினா ஆளையே சாய்ச்சிடும்."

திரும்பி வரும் ரயிலிலேயே அவரிடம் சத்தியம் வாங்கினேன். குமராட்சி பக்கத்தில் என் பிறந்த வீடு. என் தங்கை வெண்மதிக்கு வடலூரில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்குத் தீராத வியாதி, கிட்னி வரைக்கும் போயிருக்கிறது என்று காதில் விழுந்தால் அந்த வீட்டார் தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். குடும்ப வியாதி என்று ஒரு பேர் வந்தால் அவளுக்கு அப்புறம் யார் வருவார்கள்?

"அவ கழுத்துல தாலி ஏறுற வரைக்கும் எங்க வூட்டு ஆளுங்க யாருக்கும் தெரியக்கூடாது. எந்தலயில கைய வச்சி சொல்லுங்க."

வைத்தார். எதிர் சீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

மாத்திரை முதலில் அவருக்கு நல்ல பேர்தான் வாங்கிக் கொடுத்தது. ஆவணியில் ஒரு காதுகுத்துக்கு ஊருக்குப் போனோம். என் முகம் அப்போது பூசணிக்காயாக இருந்தது. எங்கள் ஊரில் உப்பினால் ஆரோக்கியம், மெலிந்தால்தான் கேள்வி. அம்மா என் கன்னத்தைக் கிள்ளி, "கண்ணு பட்டுடும்டி எளமதி. மாப்ள உன்ன நல்லாதான் வச்சிருக்காரு" என்று பூரித்துப்போனாள். பெரிய அண்ணன் ராஜமாணிக்கம் அவர் தோளில் கை போட்டுக்கொண்டே பந்திக்குக் கூட்டிப் போனார். அண்ணன்மார் இருவருக்கும் நான் என்றால் உயிர். அதில் எனக்கு எப்போதும் சந்தேகம் வந்ததில்லை.

வீட்டில் நடந்தது வேறு. ஒரு நாள் அவர் சாப்பிடப் போயிருந்தபோது, மூன்று நாளாக அவர் குனிந்து உட்கார்ந்து கட்டிய அஞ்சு ஹெச்.பி. மோட்டாரின் காயிலைக் கட்டிங் பிளேயரால் கொத்துக் கொத்தாக வெட்டிப் போட்டேன். என்னிடம் சொல்லாமல் சாப்பிடப் போனார், அதுதான் குற்றம். இன்னொரு நாள் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்த மாத மாத்திரை மொத்தத்தையும் வாசல் சாக்கடையில் எறிந்தேன். அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் வரை அந்தக் கருப்புத் தண்ணீரில் இறங்கித் துழாவினார். மேலே நின்று அவர் தலையில் செருப்பால் அடித்தேன். மாத்திரைப் பட்டையைக் கண்டெடுத்து மேலே வந்தார். மறுநாள் காலை எட்டு மணிக்கு இட்லியோடு அந்த மாத்திரை என் முன்னால் இருந்தது.

அவர் ஒன்றும் சாமியார் இல்லை. ஒரு முறை கையை ஓங்கிவிட்டார். நான் அவர் செத்துப்போன அம்மாவைப் பற்றிச் சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லியிருந்தேன். ஓங்கிய கையை அவரே மற்றக் கையால் பிடித்துக்கொண்டு கடைக்குள் போனார். மரச்சுத்தியலை எடுத்து ஒரு மோட்டாரின் தகர மூடியை அது நசுங்கும் வரை அடித்தார். எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. இன்னும் அடி, இன்னும் அடி என்று உள்ளே இருந்து நான்தான் கத்தினேன்.

இந்தக் கத்தலெல்லாம் பக்கத்து வீட்டுத் தங்கம்மாளுக்குக் கேட்டது. கத்துவதும் நான், அடிப்பதும் நான். ஆனால் சுவருக்கு அப்பால் இருப்பவர்களுக்கு, கத்துகிற பொம்பளை அடி வாங்குகிறவள்தானே?

போதாக்குறைக்கு என் கைகள். வாளிப் பிடி பட்டால் ஊதா, கதவுத் தாழ்ப்பாள் பட்டால் ஊதா. தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆகியிருந்தது. மறைக்க அவருடைய முழுக்கைச் சட்டையை நைட்டிக்கு மேல் போட்டுக்கொள்வேன். அவரும் தீக்காயத்தை மறைக்க முழுக்கைச் சட்டைதான். டாக்டரிடம், "கொஞ்சம் கோவம் ஜாஸ்தியா வருது சார்" என்று மட்டும் சொன்னார். டாக்டர் அவர் சட்டைக் கையின் பொத்தானைப் பார்த்துவிட்டு, வேறொரு மருந்தைச் சேர்த்து ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைக்க எழுதிக் கொடுத்தார்.

மார்கழிக் கடைசியில் அண்ணன்மார் பொங்கல் சீர் கொண்டுவந்தார்கள். ஒரு நாள் கழித்துத்தான் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். குட்டியானை வண்டியில் ஒரு கட்டுக் கரும்பு, மஞ்சள் கொத்து, அரிசி, புதுப் பித்தளைப் பானை. வெண்மதி கல்யாணம் தை இருபத்திரண்டு என்று முடிவாகியிருந்தது, சிதம்பரத்தில் மண்டபம். சந்தோஷத்தில் நான் ஓடிப்போய்ப் பானையை இரண்டு கையாலும் தூக்கினேன். சட்டையின் கை முழங்கை வரை சரிந்தது.

ராஜமாணிக்கம் அண்ணன் சிரிப்பை நிறுத்தினார்.

"என்னா இது?"

"ஒண்ணுமில்லண்ணே. இடிச்சிக்கிட்டேன்."

"ரெண்டு கையிலயுமா இடிச்சிக்குவாங்க?"

வாசலில் நின்ற தங்கம்மாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "தெனம் சத்தந்தான் தம்பி. நேத்துகூட அந்தப் புள்ள தொண்டை கிழியக் கத்துச்சி. நாங்க கேட்டா நல்லாவா இருக்கும்?"

சின்ன அண்ணன் சடையப்பன் கரும்புக் கட்டிலிருந்து ஒன்றை உருவினார். கடையில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தவர் "வாங்க மச்சான்" என்று எழுந்திருக்கும்போதே முதுகில் அடி விழுந்தது. அவர் விழுந்தார். சிந்திய கம்பிச் சுருள்கள் அவர் காலில் சுற்றிக்கொண்டன. பெரிய அண்ணன் அவர் நெஞ்சில் மிதித்தார். கரும்பு ஒடிந்தது. இன்னொன்றை உருவினார்கள். காது கிழிந்து ரத்தம் சட்டைக் காலரில் இறங்கியது.

"எங்க வூட்டுப் பொண்ணு உனக்கு மாடாடா?"

அவர் என்னைப் பார்த்தார். சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை. பொய் சொல்ல மாட்டேன், நான் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று ஆட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது கரும்பும் ஒடியும் வரை நான் அந்த நிலைப்படியிலேயே நின்றேன். ஒரு முட்டைக்குக் கொதித்த ரத்தம் அப்போது எங்கே போனதோ தெரியவில்லை.

கரும்பு போதவில்லை என்று சடையப்பன் பித்தளைப் பானையைத் தூக்கி, தரையில் ஊன்றியிருந்த அவர் வலது கையில் போட்டார். விரல்கள் ஒடிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அப்போதுதான் அவர் முதன்முதலாகக் கத்தினார்.

நான் பாய்ந்து சடையப்பன் தோளைக் கடித்தேன். பெரிய அண்ணன் என் மேல்கையைப் பிடித்து இழுத்தார். "நீ வண்டியில ஏறு. இவன்கூட இனிமே உனக்கு வாழ்க்க கெடையாது." வாசல் வரை இழுத்துக்கொண்டு போனார். கதவைப் பிடித்துக்கொண்டு திமிறினேன், அவர் பிடியை இறுக்கினார். கடைசியில் மூச்சு வாங்க, பிடியை விட்டார்.

சட்டையைக் கழற்றி எறிந்தேன். அவர் பிடித்த இடம் சிவந்திருந்தது. எல்லோர் கண் முன்னாலும் அது மெல்ல ஊதாவாக மாறியது. நாலு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் இன்னொரு பக்கம். மோதிரம் அழுத்திய தடம்கூடத் தெரிந்தது.

"இது யாரு கைண்ணே?" என்றேன்.

அவர் தன் கையைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

அரிசி டிரம்மைக் கவிழ்த்துக்கொட்டி, உள்ளே ஒளித்திருந்த மாத்திரைப் பட்டைகளையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் பெரிய அண்ணன் முன்னால் எறிந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். "அடிச்சதெல்லாம் நான். அவரு கையில இருக்கற சூட்டப் பாரு. அதுவும் நான்." சடையப்பன் அரிசியின் நடுவே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

பெரிய அண்ணன் அழவில்லை. சீட்டைப் படித்து முடித்து, நாலாக மடித்து என்னிடமே கொடுத்தார். அப்புறம் அவர் சொன்னதை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

"மாப்ள, தப்பு நடந்துபோச்சி, மன்னிச்சிடுங்க. ஆனா இது இப்படியே இருக்கட்டும். பொண்டாட்டிய அடிக்கிறவன் எல்லா ஊருலயும் இருக்கான், அதுக்காக எவனும் சம்மந்தத்த நிறுத்தமாட்டான். வியாதின்னா நிறுத்திடுவான். நீங்க அடிச்சீங்க, நாங்க கேட்டோம்னே வெளிய இருந்துட்டுப் போவட்டும்."

நசுங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார், "சரி மச்சான். எளமதிக்கும் நான் அப்படித்தான் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

நானும் அதற்குத் தலையாட்டினேன். தங்கைக்காக என்று சொல்லிக்கொண்டேன்.

தை இருபத்திரண்டு. கையில் மாவுக்கட்டோடு அவர் மண்டபத்துக்கு வந்தார். மூன்று விரல் ஒடிந்திருந்தது. மறுபடியும் மெல்லிய கம்பியைப் பிடித்துக் காயில் கட்ட முடியுமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கதை அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. பெண்கள் அவரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அவர் உட்கார்ந்த வரிசையில் மற்ற நாற்காலிகள் காலியாகவே இருந்தன. தேவநாதன் சித்தப்பா வேண்டுமென்றே எல்லோர் காதிலும் விழ, "சில பேருக்குக் கைய ஒடச்சாத்தான் புத்தி வருது" என்றார். சுற்றிலும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குக் கோபம் ஏறியது. அன்றைக்கு என் மாத்திரை பதினைந்து மில்லிகிராமுக்கு இறங்கியிருந்தது. மாத்திரைக் கோபம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது என்னுடையது.

ஆனாலும் பொறுத்தேன். சத்தியம் தாலி ஏறுகிற வரைக்கும்தான். மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டார். நாத்தனார் இரண்டாவது முடிச்சைப் போட்டாள். மூன்றாவதையும் போட்டு இழுத்து இறுக்கினாள். அட்சதை விழுந்தது. கெட்டிமேளம் அடங்கும் வரை நின்றேன்.

அடங்கியதும் மேடையேறி மைக்கைப் பிடுங்கினேன். ஜாக்கெட்டின் நீளக் கையைத் தையலோடு கிழித்தேன்.

"எல்லாரும் பாருங்க. எங்க வூட்டுக்காரரு என்ன ஒரு நாளும் அடிச்சதில்ல. எனக்கு வியாதி, மாத்திர சாப்புடறேன், தொட்டாலே இப்படி ஆவும். நாந்தான் அவர அடிச்சேன், சூடு வச்சேன். அவரு கைய ஒடச்சது எங்கண்ணனுங்க. உண்ம தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டிருந்தது அவங்களும் நானும்."

வெண்மதி மாலையோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று இன்றுவரை அவளிடம் நான் கேட்கவில்லை.

"அவள எறக்குடா" என்று சித்தப்பா கத்தினார். ராஜமாணிக்கம் அண்ணன் இரண்டே எட்டில் மேடையேறி என் கையைப் பிடிக்க வந்தார். பிடிக்கவில்லை. என் தோலுக்கு ஒரு விரற்கடை முன்னால் அவர் கை நின்றுவிட்டது. அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள்.

"புடிண்ணே" என்றேன்.

அவர் கையைக் கீழே போட்டார்.

இறங்கிப் பந்திக்குப் போனேன். என் வீட்டுக்காரருக்கு இரண்டு பக்கமும் இலை போட்டபடி ஆளில்லாமல் கிடந்தது. ஒரு பக்கம் நான் உட்கார்ந்தேன். மறு பக்கம் காலியாகவே இருந்தது. அவரால் வலது கையால் எடுத்துச் சாப்பிட முடியாது. சாதத்தில் சாம்பாரை விட்டுப் பிசைந்து உருட்டினேன். "எல்லாரும் பாக்குறாங்க" என்றார்.

பார்க்கட்டும் என்று வாயில் வைத்தேன்.