வாசலில் இருந்த இருபது சோடிச் செருப்பு

யாழ்ப்பாண நகரில் ஒரு பழைய வீட்டில் ஓவிய, கைவினைக் கண்காட்சி நடப்பதாக அறிந்து கொக்குவிலில் இருந்து சைக்கிளில் போனேன். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. நானும் என்னுடையதை அங்கே கழற்றிவிட்டு உள்ளே போனேன். உள்ளே எல்லோரும் செருப்போடு நின்றார்கள். வளர்ப்பு அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்து செருப்பைப் போட்டதும், பொறுப்பாக நின்ற இளைஞர் என் கையைப் பிடித்தார்.

"ஐயா, கழட்டுங்கோ. இடம்பெயர்ந்த சனத்தின்ரை செருப்பு. காட்சிக்கு வைச்சது."

"இது என்ரை, தம்பி."

"முந்தநாள் ஒராளும் உப்பிடித்தான் சொன்னவர்."

பார்க்க வந்த ஒரு பெண், "வயசு போன நேரத்திலை செருப்புக் களவு" என்று சிரித்தார். சுவரில் 'இருபது சோடிகள்' என்று எழுதியிருந்ததைக் கண்டேன். செருப்பைக் கழற்றாமலே நின்று, குவியலை அந்த இளைஞரைக் கொண்டே எண்ணுவித்தேன். என்னுடையதை விட்டு இருபதும் இருந்தன.

"அப்ப ஏன் கொண்டந்து இதுக்கை விட்டனீங்கள்?" என்றாரே தவிர, மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்போதெல்லாம் கண்காட்சிக்குப் போனால் செருப்பைப் பையில் போட்டுக் கக்கத்தில் வைத்துக்கொண்டே பார்க்கிறேன். முறைப்பவர்களை நானும் முறைக்கிறேன்.