குமிழ் பிடிக்க ஓர் ஆள்

எங்கள் வீட்டுக் கார் என்னைவிட மூத்தது. சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடமிருந்து பெரியப்பா அதை வாங்கினார். வாங்கியவர் அவர், ஓட்டுகிறவர் அப்பா. சிராங்கூன் ரோட்டில் இருந்த எங்கள் துணிக்கடையிலும் இதே ஏற்பாடுதான். கல்லாவில் பெரியப்பா உட்கார்ந்திருப்பார், கத்தரியும் கையுமாக அப்பா நின்றுகொண்டிருப்பார். வேலை நாட்களில் அந்தக் கார் துணி மூட்டைகளைச் சுமக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைச் சுமக்கும். இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் முனகும்.

காரோடு ஒரு ரேடியோவும் வந்திருந்தது. வந்த நாளிலிருந்து அது பாடியதே இல்லை; தேனீக்கூட்டம் போல இரைந்துகொண்டு மட்டும் இருந்தது. ஒருநாள் டோபி காட் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது அந்த இரைச்சலும் நின்று, மெல்லிய புகை ஒன்று கிளம்பியது. பெரியப்பா வண்டியை ஓரங்கட்டச் சொல்லி எங்களையெல்லாம் இறக்கி நடைபாதையில் நிறுத்திவிட்டார்.

"பிடுங்கி எறி அதை" என்றார். அப்பா பிடுங்கினார். அதன்பிறகு அந்த இடத்தில் நீள்சதுரமாக ஓர் ஓட்டை மட்டும் இருந்தது. முன் சீட்டில் உட்காரக் கிடைக்கும் அபூர்வமான நாட்களில் நான் அதற்குள் கையை விட்டுப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது.

பல மாதங்கள் கழித்து, ஒரு மாலை கடையை எடுத்து வைக்கும் நேரத்தில் அப்பா மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, காருக்கு ஒரு ரேடியோ போடலாம்னு பாக்குறேன்."

"எதுக்கு? மூட்டைங்களுக்குப் பாட்டுப் போட்டுக் காட்டவா?" என்றார் பெரியப்பா.

அண்ணன் ஒரு முறை மறுத்ததை மறுபடி கேட்கும் வழக்கம் அப்பாவுக்கு இல்லை. அன்றைக்குக் கேட்டார். "பழசுதான் அண்ணே. சல்லிசா கிடைக்கும்."

பெரியப்பா தம்பியைக் கொஞ்ச நேரம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "பழசுன்னா சரி" என்று சொல்லிவிட்டுக் கதவுப் பலகைகளை எண்ணிச் சேர்க்கப் போய்விட்டார். மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்தவரை, அப்பா தனக்கென்று கேட்டு வாங்கிய முதல் பொருள் அதுதான்.

கடைக்கு மேல்தான் வீடு. ஒரு கூடம், பின்னால் ஒரு சமையலறை, இடையில் பெரியப்பாவின் அறை. அந்தக் கூடத்தில் பெரியப்பாவின் பிள்ளைகள், அத்தை, அம்மா, நான், என் தம்பிகள், போதாததற்கு ஊரிலிருந்து கப்பலில் வந்து வேலை கிடைக்கும்வரை தங்கிப் போகிறவர்களின் மனைவிமார்கள் எல்லோரும் பாய் விரிப்போம். ஆண்கள் கீழே கடையில், துணி அடுக்குகளுக்கு நடுவே படுப்பார்கள். பகலில் அம்மா பெரியம்மாவோடு சமையலறையில் இருப்பார், அப்பா பெரியப்பாவோடு கடையில் இருப்பார். மூத்தவர்கள் எதிரில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதையெல்லாம் நான்தான் மாடிப்படி ஏறி இறங்கிச் சொல்வேன். "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." "சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டுச்சான்னு அம்மாகிட்டக் கேட்டுட்டு வா." அந்தப் பதவியில் எனக்குப் பெருமைகூட உண்டு.

மேலே கூடத்திலும் ஒரு ரேடியோ இருந்தது. ஆனால் அது பெரியப்பாவின் ரேடியோ. செய்திக்கு மட்டும் வாய் திறக்கும். செய்தி முடிந்ததும் பெரியம்மா பூத்தையல் போட்ட துணியால் மூடப்பட்டுவிடும்.

பழைய சாமான் வாங்க அந்தக் காலத்தில் எல்லோரும் போகிற இடம் சுங்கை ரோடு. அப்பாவும் நானும் போனோம். எங்களோடு மாமாவும் வந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. துறைமுகத்தில் வேலை, மாலையில் ரேடியோ பழுது பார்க்கும் வகுப்பு. பாடம் பாதிதான் முடிந்திருந்தது, தன்னம்பிக்கை முழுவதும் வந்திருந்தது.

போகிற வழியில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "உங்கம்மாவுக்குப் பாட்டுன்னா பிடிக்குமா?"

"குளிக்கிறப்போ பாடுவாங்களே" என்றேன்.

அப்பா நின்றுவிட்டார். "பாடுவாளா? என்ன பாட்டு?"

"தெரியல. தண்ணிச் சத்தத்துல மெதுவாதான் கேக்கும்."

பிறகு என் கையை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தார்.

சுங்கை ரோட்டில் கால்வாயை ஒட்டிச் சாக்குகளை விரித்து, உலகத்தில் உடைந்ததையெல்லாம் பரப்பி வைத்திருப்பார்கள். ஒற்றைக் காலணி, மூடியில்லாத கூஜா, பட்டாளத்துத் தொப்பி. ஒரு சீனக் கிழவரின் சாக்கில் கார் ரேடியோக்கள் வரிசையாக இருந்தன. மாமா ஒவ்வொன்றையும் எடுத்துக் குலுக்கி, காதில் வைத்து, முகர்ந்துகூடப் பார்த்தார். கிழவர் சலிக்காமல் எல்லாவற்றுக்கும் "பாகுஸ், பாகுஸ்" என்றார். மலாயில் அதற்கு நல்லது என்று பொருள். கடைசியில் ஒன்றைத் தன் காலடியில் இருந்த பேட்டரியில் மாட்டிக் காட்டினார். கண்ணாடிக்குப் பின்னால் பச்சை விளக்கு எரிந்தது. ஒரு சீனப் பெண்ணின் குரல் கணீரென்று பாடியது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததுமே கிழவருக்கு விலை இனி குறையாது என்று தெரிந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பின்பக்கச் சந்தில் வேலை ஆரம்பமானது. வாங்கிய ரேடியோ சிறியது, காரில் இருந்த ஓட்டை பெரியது. மாமா ஒரு தேயிலைப் பெட்டிப் பலகையை அறுத்து இடைவெளியை அடைத்தார். அது அசிங்கமாக இருப்பதாக அத்தை மாடியிலிருந்து சொல்ல, பெரியம்மா கடையில் மிஞ்சிய நீல வெல்வெட் துண்டு ஒன்றைக் கொடுத்தனுப்பினார். அதை ஒட்டியதும் எங்கள் கார் கல்யாண மேடை மாதிரி ஆகிவிட்டது. ஏரியலுக்குத் தனியாகச் செலவு செய்ய பெரியப்பாவிடம் கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லாததால், மாமா ஒரு பித்தளைத் திரைக்கம்பியை ஜன்னல் ஓரமாகக் கட்டி அதிலிருந்து கம்பி இழுத்தார்.

"முடிஞ்சது லா, அத்தான்! போடுங்க!" என்றார் மாமா. துறைமுகத்தில் பழகியதில் அவர் பேச்சின் வாலில் மலாய்க்காரர்களின் 'லா' ஒட்டிக்கொள்ளும்.

அப்பா குமிழைத் திருப்பினார். டப்பென்று ஒரு சத்தம். பச்சை விளக்கு எரியவே இல்லை. மாடி ஜன்னலில் பெரியப்பாவின் தலை தெரிந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே நின்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"ஃபியூஸ்தான் போயிருக்கு" என்று முனகினார் மாமா. இன்னொரு ஃபியூஸ் போட்டார். மறுபடி டப். மாமா ரேடியோவைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, சந்தின் சிமெண்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்பா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு வாடிப்போன முகத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை. ஒரு ரேடியோவுக்காக ஒரு பெரிய மனிதர் இப்படி ஆவாரா என்று எனக்குத் தோன்றியது.

அப்போது அம்மா கோப்பி எடுத்துக்கொண்டு பின்படி வழியாக இறங்கி வந்தார். மாமாவின் கையில் குவளையைக் கொடுத்துவிட்டு, கழற்றி வைத்திருந்த ரேடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏண்டா, பின்னாடி இந்தச் சின்ன முளை எதுக்கு? ஒரு பக்கம் கூட்டல், ஒரு பக்கம் கழித்தல்னு போட்டிருக்கே."

மாமா கோப்பியைக் கீழே வைத்தார். முளையைப் பார்த்தார். பிறகு காரின் பேட்டரியைப் போய்ப் பார்த்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார். "இந்தப் பழைய வெள்ளைக்காரன் வண்டியில எல்லாம் தலைகீழ் லா! பேட்டரியோட பாசிட்டிவ் பக்கத்தைப் பாடியில மாட்டியிருக்கான். ரேடியோவுக்கு நான் நேராக் குடுத்துட்டேன்." முளையைப் பிடுங்கி மாற்றிச் செருகினார். ரேடியோவை மறுபடி மாட்டி, மூன்றாவது ஃபியூஸைப் போட்டார்.

பச்சை விளக்கு எரிந்தது. சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு நாதஸ்வரம் பொங்கிக்கொண்டு வந்தது. சந்தில் இருந்த பூனை ஓடிவிட்டது. பக்கத்து வீட்டுச் சீனத் தையற்காரர் தையல் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். பெரியப்பாவின் பிள்ளைகள் நான்கு கதவுகளையும் திறந்துகொண்டு உள்ளே விழுந்தார்கள். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு மேலே ஜன்னலைப் பார்த்தார். பெரியப்பா போயிருந்தார்.

அன்று மாலை எல்லோரும் காரில் அடைந்துகொண்டு சாங்கிக் கடற்கரைக்குப் போனோம். அங்கேதான் எங்கள் ரேடியோவின் சுயரூபம் தெரிந்தது. நிற்கும்போது பாடும், ஓடும்போது திரைக்கம்பி ஆட ஆட, வறுக்கும் கடலை போலப் பொரியும். குமிழும் தளர்ந்தது. விரலால் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் முள் நின்ற இடத்தில் நிற்கும். விட்டால் தமிழிலிருந்து நழுவி மலாய்க்குப் போய்விடும். முன் சீட்டில் இருந்த பெரியப்பா கேலாங் தாண்டுவதற்குள் பொறுமை இழந்தார். "வண்டி ஓடுறப்போ இது வேணாம். நிறுத்திவச்சுக் கேட்டுக்கங்க."

அப்படித்தான் அந்த வழக்கம் உண்டாயிற்று. மாலைச் சாப்பாடு முடிந்ததும் அப்பா மாடிப்படியின் நடுவில் நின்றுகொண்டு, யாரையும் பார்க்காமல் பொதுவாகச் சொல்வார்: "ரேடியோவைக் கொஞ்சம் சரி பார்க்கணும். நான் கம்பியைத் திருப்பணும், உள்ள குமிழைப் பிடிக்க ஓர் ஆள் வேணும்."

முதல் நாள் நான்தான் எழுந்தேன். "உனக்குப் பாடம் இல்ல?" என்றார். அத்தை கால் வலி என்றார். பெரியம்மா அம்மாவைப் பார்த்து, "நீதான் போய்ப் பிடிச்சுக் குடேன்" என்றார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, பெரிய சிரமம் ஒன்றை ஏற்றுக்கொள்கிறவர் போல இறங்கிப் போனார்.

மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும். பழுது பார்க்கும் வேலை என்பதால் பெரியப்பா குறுக்கே பேசவில்லை. கணக்குப் பார்த்தபடி, "இன்னுமா சரியாகல?" என்று எப்போதாவது கேட்பார், அதோடு சரி.

இவ்வளவு நாள் சரி பார்த்தும் சரியாகாத ரேடியோ மேல் எனக்குக் கோபம் வந்தது. ஒருநாள் பின்படி வழியாகச் சத்தம் போடாமல் இறங்கிப் போய்ப் பார்த்தேன். கார் சந்தில் நின்றிருந்தது. உள்ளே பச்சை விளக்கு எரிந்தது. கம்பியை யாரும் திருப்பவில்லை. அப்பா ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்தார். பெரியப்பா உட்காரும் இடத்தில் அம்மா இருந்தார், காலை மடக்கி உட்கார்ந்தபடி. குமிழையும் யாரும் பிடித்திருக்கவில்லை. அதனால் முள் எப்போதோ நழுவிப்போய், ரேடியோ மலாயில் ரப்பர் விலை சொல்லிக்கொண்டிருந்தது. அம்மா கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். அப்பா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். அப்பா சத்தமாகச் சிரிப்பார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ரப்பர் விலையில் சிரிக்க என்ன இருக்கிறது என்று யோசித்தபடி மேலே வந்தேன். இவர்கள் இருவருக்கும் ரேடியோ வைத்துக்கொள்ளவே தெரியவில்லை என்று முடிவு செய்தேன்.

மாமா அடுத்த முறை வீட்டுக்கு வந்தபோது அவரிடம் முறையிட்டேன். "பாவம் மாமா, தினமும் ரெண்டு பேரும் போய் உக்காந்து கஷ்டப்படுறாங்க. ஒண்ணும் சரியாகல."

தன் வேலை மேல் வந்த புகார் மாமாவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. ஒரே வாரத்தில், விபத்தில் நசுங்கிய யாருடைய காரிலிருந்தோ கழற்றிய நிஜ ஏரியல் ஒன்றோடு வந்துவிட்டார். அதை முன்பக்கம் திருகி முடுக்கினார். குமிழுக்கு உள்ளே ஒரு துண்டு ரப்பரை அடைத்தார். அப்புறம் போட்டுக் காட்டினார். பாட்டு கண்ணாடி மாதிரி வந்தது. சந்தைச் சுற்றி ஓட்டியும் காட்டினார். ஒரு பொரிச்சல் இல்லை. நானும் தம்பிகளும் குதித்தோம். பெரியப்பாவே இறங்கி வந்து கேட்டுவிட்டு, "இப்பதான் ரேடியோ" என்றார்.

"நல்லா இருக்கு மாப்ளே" என்றார் அப்பா. துக்க வீட்டில் பேசுகிற குரல் அது. அம்மா பாட்டு முடியும்வரைகூட நிற்கவில்லை, அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி மேலே போய்விட்டார். இவ்வளவு பாடுபட்ட மாமாவுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லக்கூடாதா என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

அந்த வாரம் முழுவதும் அப்பா சாப்பிட்டதும் கடைக்கே போய்விட்டார். அம்மா பெரியம்மாவோடு உட்கார்ந்து மறுநாளைக்கு வெங்காயம் உரித்தார். நான் பழையபடி மாடிக்கும் கடைக்குமாகச் சேதி சுமந்தேன்.

அடுத்த வாரம் ஒரு காலை, பள்ளிக்கூடம் கிளம்பும்போது அப்பாவைப் பின்சந்தில் பார்த்தேன். கார் முன்னால் குந்தியிருந்தார். கையில் ஒரு திருப்புளி, காலடியில் குமிழுக்குள் மாமா அடைத்த ரப்பர்த் துண்டு. என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டு எழுந்து, பிறகு மறுபடி குந்தினார்.

"என்னப்பா பண்றீங்க?"

"ஏரியல் கொஞ்சம் ஆடுது. பாத்துக்கிட்டிருக்கேன்."

மாமா முடுக்கியது போதாதுபோலும் என்று நினைத்தேன். அப்பா திருப்புளியை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினார், ஏரியலைத் தொட்டு ஆட்டிப் பார்த்தார், திருப்தியாகத் தலையை அசைத்துக்கொண்டார். அன்று மாலையே ரேடியோ பழையபடி பொரிந்தது. மாடிப்படியின் நடுவில் நின்று அப்பா, குமிழைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்றார். அம்மா தலையில் பூ வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அவ்வளவு கவனமாக வேலை செய்தும் அப்பாவுக்கு அந்த ரேடியோ வசப்படவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது. திருப்புளியை எந்தப் பக்கம் சுற்றினால் இறுகும், எந்தப் பக்கம் சுற்றினால் தளரும் என்பதெல்லாம் அந்த வயதில் எனக்குத் தெரியாது.