பச்சை பூத்த காசுகள்

தனிஸ்லாஸ் மதுரையில் ஒரு மிஷன் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். மனைவியை இழந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆசிரியைகள் எல்லாரும் அவரை ‘அண்ணே’ என்று கூப்பிடுவார்கள். சரித்திர ஆசிரியை ஜோசபின் மட்டும் ‘சார்’ என்பாள். அது ஏன் என்று அவர் பல நாள் யோசித்திருக்கிறார்.

எழுபத்தெட்டாம் வருடம், மேலூர்ப் பக்கம் கிணறு வெட்டும்போது கிடைத்த செப்புக் காசுகளை அழகுமலை என்ற விவசாயி பள்ளிக்குக் கொடுத்தார். களிம்பும் மண்ணும் அப்பி, எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் பூ என்றே தெரியவில்லை.

“புளி போட்டுத் தேச்சா பளபளன்னு ஆயிரும்ல?” என்று தனிஸ்லாஸ் கேட்டார்.

“ஆகும் சார். ஆனா எழுத்தும் சேந்து அழிஞ்சிரும். பொறுமையாத்தான் எடுக்கணும். கோடை லீவுல ஒக்காந்து பாப்பமா?”

காய்ச்சி வடித்த நீரை அவர் கொடுத்தார். அதில் நாள்கணக்கில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றினார்கள். பிறகு மருந்துக்கடை ஒலிவ எண்ணெயில் வாரக்கணக்கில் கிடந்தன காசுகள். இளகிய மண்ணை மூங்கில் குச்சியால் மெல்ல நெம்பி, மென்மையான தூரிகையால் நீவி, துணியில் ஒற்றி எடுப்பார்கள். அடியில் ஒட்டிய கறுப்பை மட்டும் சுரண்டவில்லை. அதுதான் செம்புக்குக் காவல் என்றாள் ஜோசபின்.

ஆளில்லாத பள்ளியில் மேசைக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள். ஒரு காசில் மீன் தெரிந்தபோது இருவர் தலையும் ஒரே லென்ஸின் மேல் குனிந்தன. களிம்பு சீக்கிரம் போய்விடக் கூடாதே என்று அவர் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார். சொல்ல நினைத்ததை எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு நாளும் நாளைக்குத் தள்ளினார்.

ஜூன் பிறந்தது. பாளையங்கோட்டையில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, வேலையையும் விட்டுவிட்டாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போனார் தனிஸ்லாஸ். ஜன்னலோரம் உட்கார்ந்தவள், அவரைப் பார்க்காமலே சொன்னாள்: “தினமும் ரொம்பக் களிம்பேறுன காசாப் பாத்துப் பாத்துத்தான் எடுத்தேன் சார். ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்.”

“பாத்துப் போங்க டீச்சர்,” என்றார்.

பஸ் புறப்பட்டது. அவர் அங்கேயே நின்றார். அடுத்த திருநெல்வேலி வண்டி வந்து, நிரம்பி, கிளம்பத் தயாரானது.

“ஏறுறீங்களா?” என்றார் கண்டக்டர்.

“இல்ல தம்பி. வழியனுப்ப வந்தேன்.”

அவர் வழியனுப்பிய வண்டி அந்நேரம் திருமங்கலத்தைத் தாண்டியிருக்கும்.