கேமுல திருடன், வீட்டுல சிலிப்பர்

எனக்குப் புடிச்ச கேமுல நான் திருடன். கத்தி எடுத்து சண்டையும் போடலாம், வாயால பேசி ஏமாத்தவும் செய்யலாம், ஒளிஞ்சு ஒளிஞ்சும் போலாம். ஆளு வளர வளர பாயிண்ட் தருவாங்க. அத எதுல போடுறதுன்னு நம்ம இஷ்டம். நான் மொத்தத்தையும் ஒளியிறதுலேயே போட்டுட்டேன். பள்ளிக்கூடத்த பாதியில வுட்டவன் நான், பின் கேட்டுல நழுவுறது பழகிப் போச்சு லா.

கேம் செஞ்சவன் கெட்டிக்காரன்தான். பூட்ஸு போட்டு கல்லு தரையில நடந்தா டக்கு டக்குன்னு கேக்கும். கழட்டிட்டு நடந்தா சத்தமே வராது, ஆனா குளுருல உசுரு பாயிண்ட் கொறையும். எடம் மாறி ஒரு சாமான் கெடந்தா காவக்காரன் நின்னு பாப்பான். அவனுங்க அவனுங்களுக்குள்ள பேசிக்கிறத கேக்கவே நான் தூணுக்குப் பின்னாடி நின்னுருக்கேன். ஒருத்தன் மாமியார் சமையல திட்டிக்கிட்டே இருப்பான். பாவம்.

ஆனா ஞாபக சக்தி மட்டும் சுத்தமா இல்ல. மண்டையில சட்டிய எறிஞ்சாலும் கொஞ்ச நேரம் தேடிட்டு, "எலியா இருக்கும்"னு போயிருவான். எங்கம்மா பொறந்தது ரப்பர் தோட்டத்துல. அங்க வேல வாங்குன மண்டோரு, சின்ன வயசுல ரம்புத்தான் திருடுனவன அவன் கல்யாணத்துல வச்சு கேட்டாராம், "பழம் இனிச்சுச்சாடா?"ன்னு. அவர தூக்கி கேமுல போட்டா ஒருத்தனும் ஜெயிக்க முடியாது.

அதவிட பெரிய கொற கடைசி கட்டம். பொக்கிஷ ரூமுக்குள்ள காவக்காரனுங்க தலைவன், மாடு மாதிரி ஒருத்தன் நிப்பான். நாம உள்ள போனதும் கதவு தானா பூட்டிக்கும், சண்டை போட்டே ஆகணும். ஊரு பூரா ஒளிஞ்சே வந்தவன கடைசியில நடு ஹால்ல நிக்க வச்சு அடிச்சா என்னா நியாயம்? எத்தன தடவ செத்தேன்னு எண்ணுறதையே வுட்டுட்டேன்.

இதுல அவசரம் வேற. கம்ப்யூட்டர் அக்காவோடது. அக்காவுக்கு தஞ்சோங் மாலிம் ஊருல, கார் செய்யிற காடி பேக்டரியில வேல கெடச்சுருச்சு. சனிக்கிழம காலையில மாமா லோரி கொண்டாந்து அக்கா சாமான ஏத்திக்கிட்டு போயிருவாரு. அதுக்குள்ள முடிக்கலன்னா கேமோட முடிவு எனக்கு தெரியவே தெரியாது.

வெள்ளிக்கிழம மத்தியானம் பெட்டி கட்ட அம்மா என்னைய தேடுச்சு. நான் பூன மாதிரி ரூமுக்குள்ள போயி, கதவ சாத்தி, காதுல ஹெட்போன மாட்டிக்கிட்டு ஒக்காந்தேன். அம்மா வேற எங்கேயும் பாக்கல. நேரா வந்து கதவ தொறந்துச்சு.

"எப்படிம்மா தெரிஞ்சுச்சு?"

"ஒன் சிலிப்பரு வாசல்ல பல்ல காட்டிக்கிட்டு கெடக்கு. வீட்டுல இல்லாதவன் வெறுங்காலோடவா பத்து காஜா டவுனுக்குப் போவான்?"

துணி மடிச்சுக்கிட்டு இருந்த அக்கா கட்டில்ல உருண்டு சிரிச்சுச்சு. "நீயெல்லாம் ஒரு திருடன்! த்தூ!"

எங்க குடியிருப்பு தாமான்ல யாரும் சிலிப்பரோட வீட்டுக்குள்ள வர மாட்டாங்க. வாசல பாத்தாலே யாரு உள்ள இருக்கான்னு தெரிஞ்சுரும். அப்பதான் எனக்கு மண்டையில பல்பு எரிஞ்சுச்சு.

"ம்மா, அஞ்சு நிமிசம்மா!"

கேமுல என் திருடன் பூட்ஸ கழட்டுனேன். தலைவன் நிக்கிற பொக்கிஷ ரூமுக்கு எதுத்தாப்ல ஒரு காலி ரூமு. அதோட வாசல்ல பூட்ஸ ஜோடியா, அழகா வச்சேன். அவன் கதவுல ஒரு தகரக் கப்ப வுட்டெறிஞ்சுட்டு தெரைக்குப் பின்னாடி பதுங்கிட்டேன்.

கதவு தொறந்துச்சு. தலைவன் வெளிய வந்தான். பூட்ஸ பாத்தான். அந்த காலி ரூமுக்குள்ள போயிட்டான்!

"போடா, போடா, உள்ள போடா!" அக்கா என் தோள அடிச்சு கத்துச்சு. நான் வெறுங்காலோட பொக்கிஷ ரூமுக்குள்ள ஓடுனேன். அம்மா டேப்பும் கையுமா நின்னு பாத்துக்கிட்டு இருந்துச்சு.

"யார்ரா அந்த தடியன்? இதுக்குப் போயி ஏமாந்துட்டான்?"

முடிவுன்னு கருப்பு திரையில நாலு வரி எழுத்துதான் வந்துச்சு. அதுவும் ஒரு கொறதான். இருந்துட்டு போவட்டும், நாங்க மூணு பேரும் கை தட்டுனோம். அப்புறம் பெட்டி எல்லாத்தையும் நானே கட்டுனேன்.

கம்ப்யூட்டர் போயிருச்சு, அக்காவும் போயிருச்சு. அடுத்த வாரம் அம்மா காய்கறி வாங்க பாசாருக்குப் போனப்ப, அக்கா வுட்டுட்டுப் போன பழைய நீல சிலிப்பர எடுத்து வாசல்ல ஜோடியா வச்சேன். அம்மா வந்துச்சு. பாத்துச்சு. "வந்துட்டியாம்மா!"ன்னு கீரைக்கட்டோட ரூமுக்கு ஓடுச்சு. அந்த கேப்புல நான் பாசார் பையிலேருந்து வடைய எடுத்து வாயில போட்டுக்கிட்டேன்.

ஆனா எங்கம்மா எலின்னு நெனைக்கிற ஆளு கெடையாது. அதே சிலிப்பர கையில எடுத்துக்கிட்டு தாமான் முக்கு வரைக்கும் தொரத்துச்சு. போன்ல சொன்னப்ப அக்காவுக்கு சிரிச்சு சிரிச்சு பொற ஏறிருச்சு.

சாயங்காலம் அந்த சிலிப்பர உள்ள எடுத்து வைக்கப் போனேன்.

"கெடக்கட்டும், வுடு"ன்னு சொல்லுச்சு அம்மா.