அத்தை அணைத்த புகை

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரித் தோப்புக்குள் ஒரு கலைக்கூடம் திறந்தார்கள். எங்கள் சுரங்க டவுன்ஷிப் பிளாக்கிலிருந்து போய் வந்த ஒன்றிரண்டு பேருக்கும் என்ன பார்த்தோம் என்று சொல்லத் தெரியவில்லை. என் வகுப்புத் தோழி மட்டும், "பலா மரத்துல காய்க்குப் பதிலா எவர்சில்வர் தட்டு தொங்குது" என்றாள். அதன் பிறகு எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அப்பாவுக்கு ஷிப்ட். அம்மாவுக்கு ஆர்வமில்லை. எங்கள் குவார்ட்டர்ஸிலேயே தங்கியிருந்த அத்தைதான் கிடைத்தாள். அப்பாவின் தங்கை. நிலக்கரியைக் கொட்டி வைக்கும் யார்டில் குழாய் பிடித்துத் தண்ணீர் அடிப்பது அவள் வேலை. தோண்டிப் போட்ட பழுப்பு நிலக்கரி வெயிலில் காய்ந்தால், யாரும் கொளுத்தாமலே உள்ளுக்குள் கனன்று பற்றிக்கொள்ளும். அந்த மாதம் கான்ட்ராக்ட் முடிந்துபோனது. புதிதாக எடுத்தவர் பழைய ஆட்களைக் கூப்பிடவில்லை. பெரியவர்கள் இதைத் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: அத்தைக்கு லீவு.

கலைக்கூடத்து வாசலில் காவலரைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் அத்தையின் கை கழுத்துக்குப் போயிற்று. யார்டு கேட்டில் காட்டுகிற பாஸ் இப்போது அங்கே தொங்கவில்லை.

"பாஸெல்லாம் வேணாங்க்கா, சும்மா போங்க. சத்தம் மட்டும் போடக் கூடாது" என்றார் அவர்.

உள்ளே சருகு விழுவதுகூடக் கேட்டது. தோழி பொய் சொல்லவில்லை. பலா மரத்தின் அடியிலிருந்து உச்சிவரை தட்டுகள் தொங்கின. காற்று வீசியதும் எல்லாம் சேர்ந்து திரும்பி, வெயிலை என் முகத்தில் அடித்தன. நான் மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். ஒவ்வொரு தட்டிலும் ஒரு நான் ஓடினேன். அத்தை அண்ணாந்து பார்த்து, "இத்தினி தட்டையும் யாரு தேய்க்கிறது?" என்றாள்.

அடுத்தது கூரை பாதி திறந்த ஒரு கூடம். நடுவில், கயிறு கட்டிய வளையத்துக்குள், ஆளுயரத்துக்குப் பழுப்பு நிலக்கரி. எங்கள் ஊர்ச் சரக்கேதான். உச்சியில் மெல்லிய புகை. இதைப் பார்க்கவா பஸ் ஏறி வந்தோம் என்று நான் சிரிக்கத் தொடங்குவதற்குள் அத்தை என் கையை விட்டுவிட்டாள்.

"பாப்பா, பின்னால போ."

என் தண்ணீர் பாட்டிலோடு கயிற்றைத் தாண்டினாள். ஓரத்திலிருந்து உள்நோக்கி, வட்டமாக ஊற்றினாள். அது போதவில்லை. வாசலில் அல்லிப்பூ மிதந்த வெண்கல உருளியைப் பூவோடு தூக்கி வந்து கவிழ்த்தாள். குவியலுக்கு அடியில் ஏதோ சீறி அடங்கியது. புகை நின்றது. நான் கைதட்டினேன்.

காவலர் ஓடி வந்தார். "இன்னாக்கா பண்ணிகினு இருக்கீங்க?"

"பொகைஞ்சிகினு கெடக்குது, நீ வாசல்ல நிக்கிற. வுட்டா கூரைய புடிச்சிருக்கும்."

"ஐயோ, அது மெஷினு, அக்கா. கல்யாண மண்டபத்துல வுடுவாங்களே, அந்தப் பொகை."

அத்தை குவியலைப் பார்த்தாள். அதன் மேல் ஓர் அல்லிப்பூ ஒட்டிக்கொண்டிருந்தது.

கண்ணாடி போட்ட ஓர் அம்மா வந்தார். அவர்தான் அங்கே பொறுப்பு. வெளியே அனுப்பிவிடுவார், மீதி அறைகளைப் பார்க்க முடியாது என்று நினைத்தேன். அவர் கோபப்படவில்லை. எந்த ஊர், என்ன வேலை என்று விசாரித்தார். அத்தை சொல்லச் சொல்ல அவர் உதட்டில் சிரிப்பு ஏறியது. "பரவாயில்லைம்மா, மெஷினைக் காய வெச்சுக்கலாம்" என்றார்.

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"பொகை பொய்யா இருக்கலாங்க, கரி நெசம். மேல ஈரம் காயாம பாத்துக்கணும். தெனம் தண்ணி அடிக்க ஆளு வேணுங்களா?"

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். சத்தம் போடக் கூடாது என்ற காவலரும் சிரித்தார். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தது நான்தான். அத்தனை அமைதியான இடத்தை என் அத்தை ஒரே பேச்சில் கலகலக்க வைத்துவிட்டாள் என்று எனக்கு ஒரே பெருமை. அத்தை மட்டும் சிரிக்காமல் அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நன்றாக ஜோக்கடிப்பவர்கள் தாங்கள் சிரிக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவள் கையைப் பிடித்து அடுத்த அறைக்கு இழுத்தேன். அவள் உடனே வரவில்லை.