ஒரே பல்லிக்கு எத்தனை உயிர்?

இறால் பெட்டியின் தெர்மாகோல் மூடியை எத்தனை முறை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் கவிச்சி போகாது. அந்தக் கவிச்சிக்குப் பின்னால் பகடை உருளும் சத்தம் கேட்டாலே எனக்கு உள்ளுக்குள் உறுத்தும், ஏனென்றால் மூடியைச் சுவர்போல் நிறுத்திவைத்து மறுபக்கம் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு ரெஜினா அக்காவைத் தவிர, விழுந்த எண் என்னவென்று யாருக்கும் தெரியாது.

பிள்ளைகளே, ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் வீரர்களாகிப் பூதங்களோடு சண்டை போடும் விளையாட்டை நீங்கள் இப்போது மேசைமேல் விரித்து ஆடுகிறீர்களே, அதைத்தான் நாங்களும் பழவேற்காடு ஏரிக்கரையில், மழைக்குப் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த ஓர் ஐப்பசியில், புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே ஆடினோம். கப்பலில் சமையல் வேலை பார்த்த ரெஜினா அக்காவின் மாமா, யாரோ கொடுத்ததென்று ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகத்தையும் இருபது முகமுள்ள பகடை முதலாகச் சில பகடைகளையும் கொண்டுவந்திருந்தார். அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள், பொன்னேரியில் இங்கிலீஷ் மீடியம் படித்தவள். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஒருத்திதான் அதைப் படிப்பாள்.

ஆடியவர்கள் மூன்று பேர்: நான், என் வகுப்புத் தோழன் மஸ்தான், என் எட்டு வயதுத் தங்கை செல்வி. செல்வி வெளியாட்கள் முன்னால் வாய் திறக்கமாட்டாள். கடையில் தீப்பெட்டி கேட்கக்கூட விரலைத்தான் நீட்டுவாள். ஆனால் "வெள்ளச்சி" என்ற வில்லாளியாக மாறிவிட்டால், "உட்றேன் பாரு அம்பை! சாவுடா நாயே!" என்று படிக்கட்டு அதிரக் கத்துவாள். நாங்கள் அடித்தால் எங்கள் பகடை வெளியே உருளும், பூதங்கள் அடித்தால் அக்கா மூடிக்குப் பின்னால் உருட்டுவாள்; விழுந்த எண் அடிபட்டவரின் உயிர்ப்புள்ளியில் கழியும், அது தீர்ந்தால் சாவு, ஒரே ஜாதிப் பூதங்களுக்கு ஒரே கணக்கு. வீரன் செத்தால் அந்தக் கதை முடியும்வரை அவனாக ஆடியவர் சும்மா உட்கார வேண்டும் என்பது சட்டம். வெள்ளச்சி செத்தால் அந்தக் குரலும் போய்விடும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது.

எங்கள் நைனா அடிக்கடி சொல்வார்: "எல்லாருக்கும் எல்லாம் சரியா வருதுன்னா, நடுவுல எவனோ கை வச்சிருக்கான்னு அர்த்தம்." அது என் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. எங்களுக்கும் எல்லாம் சரியாகத்தான் வந்தது. எந்தச் சண்டையிலும் உயிர் ஊசலாடும், ஆனால் போகாது, கடைசி நொடியில் ஜெயித்துவிடுவோம். எனவே கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். ராட்சதப் பல்லி ஒன்று பதினான்கு புள்ளி அடிபட்டு விழுந்தது. அதே ஜாதிப் பல்லி மறுநாள் இருபத்திரண்டு புள்ளி வாங்கியும் நின்றது. செல்வி அம்பு விட்டபோதோ ஒன்பதிலேயே மல்லாந்தது.

"உஷாரா இருடா, அக்கா நம்மள பொம்மையாட்டம் ஆட்டுது" என்றான் மஸ்தான்.

நேராகவே கேட்டுவிட்டேன். "யக்கா, ஒரே பல்லிக்கு எத்தினி உசிரு?"

"இன்னாடா கேக்குற?"

"ஒம்போதுல சாவுது, இருபத்திரெண்டுலயும் நிக்குது. ஏமாத்துறியா?"

அவள் முகம் சுண்டிப்போயிற்று. "ஜெயிக்கிறீங்க இல்ல? அப்புறம் ஒனக்கு இன்னா பேஜாரு?"

இந்தப் பதில் என் சந்தேகத்தை இன்னும் வளர்த்தது. எங்கள் ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைப் "பாடு" என்று முறைவைத்து, சீட்டுக் குலுக்கித்தான் எடுப்பார்கள்; சீட்டில் வந்த இடத்தில் மீனே இல்லாவிட்டாலும் யாரையும் குறை சொல்ல முடியாது. நியாயம் என்றால் எனக்கு அது ஒன்றுதான் தெரியும். புத்தகத்திலுள்ள பூதங்களையெல்லாம் சீட்டில் எழுதி டிபன் பாக்ஸில் குலுக்கி எடுக்க வேண்டும், மூடியைக் கீழே படுக்கவைத்துவிட்டு எல்லோர் கண்ணுக்கும் தெரிய உருட்ட வேண்டும் என்றேன்.

"வாணாம்டா. அதெல்லாம் அஞ்சாறு பேரு சேந்து போற சண்டை. நாம மூணு பேரு, அதுல ஒண்ணு பொடிசு."

"பாடுன்னா பாடுதான்க்கா. பயமா?" என்று மஸ்தான் சீண்டினான்.

கள்ளமில்லாத கை எடுக்கட்டும் என்று செல்வியிடம் டப்பாவை நீட்டியது நான்தான். வந்தது மூன்று தலை நீர்ப்பாம்பு. "வேற ஒண்ணு எடுக்கட்டும்" என்றாள் அக்கா. "பாத்தியா, மாத்தப் பாக்குது!" என்று நான் குதித்தேன்.

முதல் தலை மஸ்தானைத் தவறவிட்டது, இரண்டாவது என் உயிரில் பாதியைத் தின்றது, மூன்றாவது வெள்ளச்சியைக் கவ்வியது. எவ்வளவு காயம் என்று உருட்ட வேண்டிய பகடைகளைக் கையில் மூடிக்கொண்டு, அக்கா என்னை மட்டும் பார்த்துக் கேட்டாள்: "மூடிய நிறுத்தட்டுமா?"

"வாணாம். தெரியவே உருட்டு."

வெள்ளச்சிக்கு இருந்தது பதினோரு புள்ளி, விழுந்தது பத்தொன்பது. செல்வி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். அழவில்லை. "நான்தானே சீட்டு எடுத்தேன்" என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

அக்கா தன் நோட்டை என் மடியில் வீசினாள். எங்கள் மூவரின் காயமும், எந்தச் சண்டைக்கு எத்தனை பல்லி போதும், யார் தடுமாறினால் எந்தப் பல்லி ஓடிப்போகும் என்பதும் பென்சிலில் எழுதி, அழித்து, மறுபடி எழுதியிருந்தது. அந்த அக்கறை அப்போது என் கண்ணில் படவே இல்லை. முன்பொரு நாள் பாலத்துக் காவல் பூதத்தை நான் தனியாக வெட்டிச் சாய்த்த சண்டையைத்தான் தேடினேன். அங்கேயும் பூதத்தின் உயிர் முப்பதை அழித்துவிட்டுப் பதினாறு போட்டிருந்தாள். "இதுவுமாக்கா?" என்றேன். அவள் நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

மறுநாள், ஒரு முனிவர் வந்து வெள்ளச்சியை எழுப்பிவிட்டதாக அக்கா கதையை மாற்றினாள். செல்வியும் வந்து ஆடினாள். ஆனால் கத்தவில்லை, அம்பு விடும்போதெல்லாம் பகடையைப் பார்க்காமல் அக்காவின் முகத்தையே பார்த்தாள். அவளுக்கும் என் வியாதி தொற்றிவிட்டது.

இன்று அந்தப் படிக்கட்டின் அடியைக் கிரில் கதவு போட்டு அடைத்துவிட்டார்கள், புத்தகம் ஒரு வெள்ளத்தில் போயிற்று, ரெஜினா அக்கா எங்கோ வெளிநாட்டில் நர்ஸாக இருக்கிறாள். உங்கள் செல்வி அத்தை செல்போன் கடையில் நாள் முழுக்கக் கணீரென்று பேசித்தான் சம்பாதிக்கிறாள். என்றாலும் வெள்ளச்சியின் அந்தக் கத்தலை நான் பிறகு கேட்டதே இல்லை.

இப்போது உங்கள்மேல் பூதங்களை ஏவுகிறவன் நான். கேட்டால் மறைக்கமாட்டேன்: பூதங்களின் உயிரைக் குறைக்கவும் செய்கிறேன், கூட்டவும் செய்கிறேன். எந்தச் சண்டையில், யாருக்காக என்பதை மட்டும், நீங்கள் எவ்வளவு முறைத்துப் பார்த்தாலும், சொல்வதாக இல்லை.