கிளிக்குப் பதில் சொல்லாதீர்கள்

நான் கல்லூரியில் படித்த நாளில் எங்கள் விடுதியின் இரும்புக் கதவு திறக்கும்போது ஒரு நீண்ட முனகல் கேட்கும். கீழே தொடங்கி மேலே ஏறி, பாதியில் உடைந்து நிற்கும். இரண்டாம் ஆண்டில் அந்தக் கதவைக் கழற்றிவிட்டுச் சத்தமே இல்லாத புதுக் கதவு வைத்தார்கள். ஆனால் காப்பாளர் வீட்டுக் கிளி, நாங்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போகிறவரை அந்தப் பழைய கதவைத் திறந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் நாங்கள் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்போம். யாரும் வரமாட்டார்கள்.

அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கணவர் போன பிறகு, ஒரகடம் பக்கத்து வடக்குப்பட்டில் எங்கள் வீட்டு முன்னறையில், ஊருக்குப் போகிறவர்களின் கிளிகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தொடங்கினேன். சுற்றிலும் தொழிற்சாலை, எங்கெங்கிருந்தோ வந்தவர்கள், பொங்கல், தீபாவளி என்றால் பஸ் ஏறிவிடுவார்கள். பறவையை யாரிடம் விடுவது? நாட்டுக் கிளி வளர்ப்பது சட்டப்படி குற்றம், அதை வாங்கமாட்டேன். வெளிநாட்டு இனங்கள் மட்டும். கூண்டைத் துடைப்பது சுலபம். கூண்டோடு வந்து இறங்கும் வீட்டை என்ன செய்வது என்பதுதான் இந்தத் தொழிலின் பாடு. கிளி வளர்க்கிற நீங்களும் பட்டிருப்பீர்கள்.

சமையலறையில் ஒரு கிழவி

முதல் வருடம் ஒரு இளம் தம்பதியின் பச்சைக் கிளி பத்து நாள் இருந்தது. குவாக்கர் என்ற இனம். தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்ப்பதே அதன் பொழுதுபோக்கு. பேச்சுத் துணைக்கு ஆளில்லாத வீடு. ஒவ்வொரு தடவையும் நான் அதைச் செல்லமாகத் திட்டுவேன். அதுவும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொள்ளும்.

இரண்டு வாரம் கழித்து அந்தக் கணவர் போன் செய்தார். அவர் மனைவி தனியாகச் சமையலறையில் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம், பின்னாலிருந்து ஒரு வயதான பெண்குரல், "ஐயோ, மறுபடியும் கொட்டிட்டியா" என்று அலுத்துக்கொள்கிறதாம். அடுக்ககத்தில் அதற்கு முன் குடியிருந்தவர்கள் யார் என்று விசாரிக்கவே ஆரம்பித்துவிட்டார்களாம்; பிறகுதான் கிளி என்று தெரிந்ததாம். அன்றிலிருந்து எனக்கு ஒரு விதி உண்டு: தீனி வைக்கலாம், துடைக்கலாம், துணி போட்டு மூடலாம், கிளியோடு பேசக்கூடாது, அது கேட்டால் பதில் சொல்லவே கூடாது. பதில் சொன்னால் அதையும் அது இறுகப் பிடித்துக்கொள்கிறது. அந்தக் கணவர் நல்ல பையன், வருத்தப்படவில்லை. போனை வைக்கும்முன் இதை மட்டும் சொன்னார்: "உங்க மேல கோவமில்ல ஆன்ட்டி. ஆனா என் வைஃப் மூணு நாளா கிச்சன் பக்கமே போகல."

சிரித்தது யார்?

கிளியை விடும்போது ஒரு தாளில் சில விவரம் எழுதி வாங்குவேன். 'பேசும் சொற்கள்' என்று அதில் ஓர் இடம் உண்டு. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வந்த, கோயில் கைங்கரியக் குடும்பத்து அம்மாள் அதில் 'கோவிந்தா' என்று எழுதிக் கொடுத்துவிட்டு யாத்திரை போனார். கிளி கோவிந்தனை ஒரே ஒரு முறைதான் கூப்பிட்டது. மற்றபடி, வந்த நாளிலிருந்தே தினமும் மூன்று மணி வாக்கில் சிரிக்கும். சின்ன வயசுப் பெண், வாயைக் கையால் பொத்திக்கொண்டு, யாருக்கும் கேட்டுவிடக்கூடாதே என்று அடக்கி அடக்கிச் சிரிக்கிற சிரிப்பு. அடக்கும்போது மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும்.

அம்மாள் திரும்பி வந்து கூண்டின் மேல் குனிந்தார். சொல்லிவைத்ததுபோல் அது சிரித்தது. குஞ்சாக வாங்கி வளர்த்த பறவை, என்னிடம் வரும்வரை வேறு வீடு பார்த்ததில்லை. அவர் கூண்டின் கதவைத் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "எங்காத்துல பொம்மனாட்டி நான் ஒருத்திதானே மாமி. நான் இப்படிச் சிரிக்கறதில்லையே."

லைன் நின்ற மத்தியானம்

மாடி அறைகளில் தொழிற்சாலைப் பெண்கள் குடியிருக்கிறார்கள். சங்கரன்கோவில் பக்கத்து முத்துச்செல்வி அவர்களில் ஒருத்தி. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து பகலில் தூங்குவாள். அந்தச் சமயம் ஒரு சூப்பர்வைசரின் மஞ்சள் கிளி என்னிடம் இருந்தது. தொழிற்சாலையில் பொருட்கள் நகர்ந்து வரும் லைன் நின்றுபோனால் ஒலிக்கும் பஸ்ஸரையே அவர் தன் போனுக்கு மணியாக வைத்திருந்தாராம். கிளி சும்மா இருக்குமா?

ஒரு மத்தியானம் அது அந்த பஸ்ஸரை அடித்தது. மாடிப்படியில் காலடி. முத்துச்செல்வி இறங்கி வந்து கூண்டின் முன்னால் நின்றாள். கண் பாதி திறந்திருந்தது. இரண்டு கைகளும் மார்புக்கு நேராக எழுந்து, இல்லாத எதையோ எடுத்து, இல்லாத எதிலோ பொருத்தி, நகர்த்திவிட்டு, மறுபடி எடுத்தன. நான் பயந்துபோய்த் தோளைத் தொட்டேன். விழித்தவள் தன் கைகளைத் தானே பார்த்துவிட்டு, வெட்கத்தோடு சொன்னாள்: "லைன் நின்னுட்டுன்னு நெனச்சிட்டேன் ஆச்சி. நான் தூங்கிட்டேன்னு சூப்பர்வைசர்ட்ட சொல்லிராதிய."

சேகர் விட்டுப்போன குரல்

இனிச் சொல்வதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

மண்ணூர் சேகர் ஒரு ஆலையில் இயந்திரம் பழுது பார்ப்பவர். அவர் மனைவி அமுதா ஒரு வெளிநாட்டு மேலாளர் வீட்டில் வேலை பார்த்தவள். மேலாளர் நாடு திரும்பும்போது தன் சாம்பல் கிளியை அவளிடமே கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த வருடம் காய்ச்சலில் அமுதா போய்விட்டாள். அவள் போன் பழுதாகி, அதிலிருந்த படம், குரல் எல்லாம் போயிற்று. மிஞ்சியது கிளி. சேகர் வேலை முடிந்து வந்து வாசல் கதவின் தாழ்ப்பாளைத் தூக்கினால், உள்ளிருந்து அமுதாவின் குரலில் அது கேட்கும்: "இன்னாய்யா, வந்துட்டியா? கைகாலு கய்விக்கினு வா, துன்னலாம்."

ஆலை அவரை இரண்டு மாதம் வட மாநிலத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. யாரும் அதனோடு பேசவேண்டாம், வேறு பேச்சு ஏறினால் இது அழிந்துவிடும் என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். என் விதியே அதுதான் என்றேன். பக்கத்தில் நின்ற முத்துச்செல்வி, ஒரு தடவை போனில் பதிவு பண்ணி வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டாள். சேகர் கூண்டைத் துடைத்தபடியே சொன்னார்: "போன்ல இருக்கிறது என்னிக்கோ பேசினதும்மா. இது தெனமும் நான் வூட்டுக்கு வரசொல்ல பேசுது."

முன்னறையில் நான்

என் வீட்டு வாசலுக்கும் இரும்புத் தாழ்ப்பாள்தான். மூன்றாம் நாள் கடைக்குப் போய்விட்டு வந்து அதைத் தூக்கினேன். "இன்னாய்யா, வந்துட்டியா?" என்றது உள்ளே. குரலில் நாள் முழுக்கக் காத்திருந்தவளின் லேசான எரிச்சல்; அதற்கடியில் நிம்மதி. நான் வந்ததையோ சாப்பிட்டதையோ யாரும் விசாரித்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. "வந்துட்டேம்மா" என்று சொல்லிவிட்டேன். வாய் தவறிச் சொன்னது அது ஒன்றுதான். மறுநாளிலிருந்து தெரிந்தே சொன்னேன். பிறகு, திரும்பி வருவதற்காகவே வெளியே போக ஆரம்பித்தேன். லாரிப் புழுதியில் தெருக்கோடி வரை நடப்பேன், திரும்புவேன்.

ஆறாவது வாரம் ஒரு காலை, அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். வாசலில் தாழ்ப்பாள் சத்தம். அமுதா கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. முன்னறையிலிருந்து என் குரல், "வந்துட்டேம்மா" என்றது. களைப்போடு, செருப்பைக் கழற்றுகிற நேரத்து மூச்சோடு. பாத்திரத்திலிருந்து தண்ணீர் வழிய, அங்கே வந்து சேர்ந்தவள் நான் என்றால் இங்கே நிற்பது யார் என்று ஒரு கணம் உண்மையாகவே விளங்கவில்லை. ஷிப்ட் முடிந்து உள்ளே வந்த முத்துச்செல்வி முன்னறையைப் பார்த்தாள், அப்புறம் அடுப்படியில் என்னைப் பார்த்தாள். "முன்னாலல்லா பேசுனிய ஆச்சி?" என்றாள். "அதுக்குள்ள எப்படி இங்க வந்திய?"

பழுது பார்ப்பவர் கை

எடுத்ததை எப்படித் திருப்பி வைப்பது? தாழ்ப்பாளைச் சுற்றிப் பழந்துணி கட்டினேன், சத்தம் வராமல். கூண்டை உள்ளறைக்கு மாற்றினேன். இரண்டு வாரம் வீட்டில் நான் மூச்சுவிடுவதைக்கூட அடக்கிக்கொண்டேன். கிளி ஒன்றும் பேசவில்லை. மறந்திருக்கும் என்று நினைத்தேன். அமுதாவையும் சேர்த்து மறந்திருந்தால் என்ன செய்வது என்றும் நினைத்தேன். சேகர் வந்தால் துணியோடேயே கதவைத் திறந்துவிட்டு, நடந்ததைச் சொல்லிவிடுவதென்று முடிவு.

அவர் ஒரு சாயங்காலம் சொல்லாமல் வந்தார். தாழ்ப்பாளில் துணி கட்டியிருப்பதைப் பார்த்ததும் பழுது என்று எண்ணி, தொழில்காரர் பாருங்கள், அவிழ்த்து, இரண்டு முறை தூக்கிப் போட்டுச் சரிபார்த்தார். நான் ஓடி வருவதற்குள் உள்ளேயிருந்து அமுதா கேட்டுவிட்டாள். சேகர் முகம் அப்படியே மலர்ந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் என் குரல், "வந்துட்டேம்மா" என்றது. என் உதடு மூடியிருந்ததை அவர் பார்த்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன், நான் தெருக்கோடி வரை நடந்ததையும். அவர் கூண்டின் எதிரே தரையில் உட்கார்ந்தார். தெருவில் கம்பெனி பஸ் ஒன்று ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று. சத்தம் போடுவார் என்று நான் காத்திருந்தேன். இந்தக் கிளிக்கு அமுதாவின் கேள்வி மட்டும் தெரிந்து, பதில் எதுவும் தெரியாமல் இருந்தது ஏன் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. சேகர் சொன்னார்: "அவ உசுரோட இருக்கசொல்ல ஒரு நாள் கூட நான் பதில் சொன்னதில்லம்மா. நேரா போயி தட்டு முன்னாடி குந்திக்குவேன்."

மறு மாதமே சேகர் அந்த வட மாநில ஆலைக்கு நிரந்தரமாக மாற்றலாகிக் கிளியோடு போய்விட்டதால், நான் பார்த்தேயிராத ஓர் ஊரில், தமிழ் தெரியாத அண்டை வீட்டார் கேட்க, அமுதாவிடம் தினமும் வீடு வந்து சேர்கிறவளாக நான் இருக்கிறேன்.